நான் திருந்தினவனே இல்லை, மாமா

பிலிமத்தலாவை
ஞாயிறு, விடாத மழை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய ராஜலிங்கம் மாமாவுக்கு,

உங்கள் தங்கச்சி மகன் புஷ்பராஜ் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே வைத்த வாளியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க முருகன் துணை. சுகந்தியும் சுகமாக இருக்கவேண்டும். அந்தப் பெயரை நான் இப்போது எழுதலாமா கூடாதா என்று தெரியாததால் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்புக்கில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மேடையில் ஒருத்தன், "நான் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்து திருந்தியவன்" என்று சொல்லி அழுகிறானே, அது நான்தான். அம்மாவே அதைப் பெருமையாக உங்களுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நீங்கள் போன் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. சுகந்தியை எனக்குக் கட்டிக்கொடுக்கிற பேச்சு இத்தோடு சரி என்று விளங்கிவிட்டது. ஆகவே உண்மையை எழுதுகிறேன். நான் கஞ்சா குடித்ததே இல்லை. பீடிகூட இல்லை. கோயிலில் சாம்பிராணி போட்டாலே எனக்கு இழுப்பு வரும். குடிக்காதவன் எப்படியடா திருந்தினாய் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன், கோபப்படாமல் வாசியுங்கள்.

எங்கள் ஊரில் போதை ஒழிப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் தியாகராஜா சேர், நான் பாதியில் விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் பழைய அதிபர். ஒரு கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. "திருந்திய இளைஞர் ஒருவரின் உண்மைக் கதை" என்று பெரிய எழுத்து. அந்த உண்மையான திருந்திய இளைஞர் கூட்டத்துக்கு முதல் நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். சேர் குடையை மடக்காமலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"புஷ்பராஜ், நீ சும்மாத்தானே இருக்க?"

"ஆமா சேர்."

"அப்ப வா. திருந்தினவன்னு சொல்லி அஞ்சு நிமிசம் பேசணும்."

"சேர், நான் அந்த எலைய கண்ணாலகூட பாத்ததில்லயே."

"அது இன்னும் வசதி. ஒன் மேல வாசம் அடிக்காது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பித்தளைக் கடையில் நாளெல்லாம் குத்துவிளக்குத் தேய்த்துவிட்டு வந்த களைப்பில், "போடா, சும்மா கெடக்கிறதுக்கு திருந்திட்டாவது வா" என்று சொல்லிவிட்டார்.

மேடையேறிவிட்டேன். கஞ்சா குடித்தால் என்ன செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்? போன வருடம் எனக்கு டெங்கு வந்ததே, அதை அப்படியே எடுத்துவிட்டேன். கண்ணுக்குப் பின்னால் குத்தும், எலும்பெல்லாம் உளையும், சோற்றைக் கண்டால் குமட்டும், பப்பாளி இலைச் சாறுதான் இறங்கும் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு நேர்ஸ் பக்கத்துக் கதிரைக்காரியிடம், "இந்தப் பயலுக்கு மொதல்ல ரத்தம் செக் பண்ணணும்" என்றது எனக்கே கேட்டது. ஆனால் மற்றப் பெண்கள் அழுதுவிட்டார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதைத்தான் யாரோ பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து என் வாழ்க்கையே வேறு, மாமா. பள்ளிக்கூடத்தை விட்டபோது என்னை நாய்கூட மதிக்கவில்லை. கஞ்சாவை விட்டதும் மாலை போடுகிறார்கள். தேத்தண்ணிக் கடை செல்லச்சாமி அண்ணன், "உக்காரு தம்பி" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். கடைக்குள்ளேயே என்னை விடாத மனிதர்! கண்டக்டர் என்னை இடித்துத் தள்ளாமல் ஏற்றுகிறான். அம்மாவை, "இவங்கதான் அந்தத் திருந்தின பையனோட அம்மா" என்று கோயிலில் முன்னால் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். நான் ஒரு பாவமும் செய்யாமல் வீட்டில் கிடந்த காலத்தில் இந்தச் சனம் எங்கே போயிருந்தது? நாலு பள்ளிக்கூடத்தில் பேசினேன், இரண்டு தேயிலைத் தோட்டத்தில் பேசினேன். போகப்போக டெங்குவோடு மூலத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். நன்றாகவே எடுபட்டது.

அந்த நேரம் பார்த்து, கஞ்சா குடிப்பதைக் குற்றமில்லை என்று ஆக்கலாமா கூடாதா என்று நாடு முழுக்க வாக்குவாதம் கிளம்பிவிட்டது. கண்டியில் ஒரு மண்டபத்தில் இரண்டு கட்சியையும் கூப்பிட்டுப் பேசவைக்க ஏற்பாடு. கூடாது என்கிற பக்கம் தியாகராஜா சேர். ஆக்கலாம் என்கிற பக்கம் திகனயிலிருந்து சட்டத்தரணி றமீஸா. அந்த மெடம் என்னைத் தேடி செல்லச்சாமி அண்ணன் கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ஒரு பீடிக்குள்ள கெடந்த எலைக்காக எத்தன புள்ளைகள் மறியல்ல, ஜெயில்ல கெடக்குது தெரியுமா? கஞ்சாக் கேஸ்ல உள்ள போறான், ஹெரோயின் தூள்காரனோட சேந்து தூள்காரனாத்தான் வெளிய வாறான். நீங்க மறியலுக்குப் போகாமத் திருந்தினீங்க. நீங்கதான் எங்களுக்கு சாட்சி."

"மெடம், நான் தியாகராஜா சேரோட ஆளு."

"அவருக்கு நீங்க ஒரு கத. எனக்கு நீங்க ஆதாரம்."

ஒருத்தருக்கும் வேண்டாதவனாகக் கிடந்த என்னை இரண்டு கட்சி பிடித்து இழுத்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்துக்குப் போகிற வழியில்தான், பஸ்ஸில் வைத்து, போனில் அந்த நீலக் கோட்டைத் திரும்பவும் பார்த்தேன். மாலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், இன்றைக்கு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது, அதுவும் வீடியோவில் வரும், மாமா பார்ப்பார் என்று முடிவெடுத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. சேர் எழும்பி, "சட்டம் இருக்கிறப்பவே இந்தப் பாடு. சட்டத்த எடுத்தா ஸ்கூல் வாசல்ல கடலை வண்டி மாதிரி வந்து நிக்கும்" என்றார். கைதட்டல். மெடம் எழும்பி, "சாராயக் கடை லைசனோட ரோட்டுக்கு ரோடு நிக்குதே சேர், அங்க உங்கட சங்கம் எட்டிப் பாக்கல்லயா?" என்றார். அதற்கும் கைதட்டல். சத்தியமாக எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கம் தலையாட்டி, அந்தப் பக்கம் தலையாட்டி, கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். "ஜெயிலுக்குப் பயந்துதான் இவன் திருந்தினான்" என்கிறார் சேர். "மறியலுக்குப் போகாததாலதான் திருந்தினார்" என்கிறார் மெடம். "தம்பியே சொல்லட்டும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் சொன்னேன், "நான் கஞ்சா குடிச்சதே இல்லங்க. எனக்கு வந்தது டெங்கு."

பிறகு சேர் எழும்பினார். "பாத்தீங்களா? வாய் கூசாம மறுக்கிறான். இதுதாங்க கஞ்சாவோட வேலை!"

மெடமும் எழும்பினார். "பாத்தீங்களா? பயத்துல மறுக்கிறார். இதுதான் இந்தச் சட்டத்தோட வேலை!"

இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டிய ஒரே இடம் அதுதான், மாமா. காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் நான் பொய்யன் என்பதில் மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள். குடித்தவனுக்குச் சாட்சி வைக்கலாம். குடிக்காதவன் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவான்? எனக்கு இருந்த ஒரே சாட்சி, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்த அம்மா. "எங்கம்மாகிட்ட கேளுங்க" என்று கத்தினேன். மைக்கை அவரிடம் கொண்டுபோனார்கள். உங்கள் தங்கச்சி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னது இதுதான்: "குடிச்சான்தாங்க. ஆனா இப்ப நல்லா திருந்திட்டான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பேராதனை தாண்டியதும் அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா இப்படி பொய் சொன்ன?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடிக்காதவன்னு சொன்னா, அப்பறம் ஏன் ஓ லெவல் பரீட்சகூட எழுதல, ஏன் ஒரு வேலையிலயும் நிக்கலன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது? இத்தன வருசம் எங்கிட்ட பதில் இல்லடா. இப்பத்தான் ஒரு காரணம் கெடச்சிருக்கு. அதையும் புடுங்காத."

அம்மாவின் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன், மாமா. ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கு உண்மை போதும் என்று நம்புகிறேன். நான் படிப்பை விட்டது கஞ்சாவால் இல்லை, கணக்கால். வேலையில் நிற்காதது ஒரே இடத்தில் நின்றால் எனக்குக் கால் அரிப்பதால். சோம்பேறி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கஞ்சாக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தேகமிருந்தால் ஒரு நல்ல டொக்டரைக் கூட்டிவந்து என் ரத்தத்தை எடுத்துப் பாருங்கள். அந்த நேர்ஸும் அதைத்தானே சொன்னது.

அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்குக் காலில் விழுந்த கும்பிடு. மழை என்பதால் இங்கிருந்தே விழுந்திருக்கிறேன். உங்கள் வாக்கு என் தலைமேல். கேட்கவேண்டிய இன்னொருவருக்கும் என் விசாரிப்பு, பென்சிலால்.

உங்கள் குடிக்காத, திருந்தாத மருமகன்,
புஷ்பராஜ்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் சுகந்தி என் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். நீங்கள் என்னை வேண்டாமென்று சொன்னது வீடியோ வருவதற்கு முன்னாலேயாமே! "வேல வெட்டி இல்லாதவனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்றீர்களாம். வீடியோவைப் பார்த்துத்தான் அழுது, "இவ்வளவு பெரிய பழக்கத்தையே விட்டவன், சோம்பலையா விடமாட்டான்" என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறீர்களாம், அதனால்தான் போனுக்கு ஓய்வே இல்லையாம், பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து நிச்சயம் பண்ணப்போகிறீர்களாம். இத்தனை பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிற பொறுமை எனக்கு இருந்திருந்தால் நான் ஓ லெவலே எழுதியிருப்பேன். ஆகவே மாமா, மேலே உள்ளதை வாசிக்காமல் இந்தக் குறிப்பை மட்டும் வாசிக்கவும். தெரியாமல் வாசித்துவிட்டால், அது முழுக்கப் பொய். நான் குடித்தேன். நன்றாகவே குடித்தேன். இப்போது சுத்தமாகத் திருந்திவிட்டேன். எப்போது தொடங்கினேன், எப்போது விட்டேன் என்று அத்தை கேட்டால் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், தியாகராஜா சேரிடம் கேட்டுச் சொல்கிறேன்.