மாமா மாறியான மார்கழி

மார்கழி பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஐந்து நாற்பது. பனி. ராஜகீழ்ப்பாக்கத்தின் தெருவிளக்குகள் பாலில் கரையும் குங்குமப்பூவைப் போல மங்கிக்கொண்டிருந்தன. பிள்ளையார் கோயில் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், குரங்குக் குல்லாவோடு நான் உட்கார்ந்திருந்தேன், மனிதர்களின் நடத்தையை ஆராய்வதற்காக.

என் மருமகள் சுதா வேலைக்குப் போய்க்கொண்டே உளவியல் எம்.ஏ. படிக்கிறாள். அவளுடைய கைடு இரண்டு முறை ஆய்வைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதுவும் திரும்பினால் ஒரு வருடம் போச்சு. கேள்வி எளிமையானது: செருப்புகள் வரிசையாக இருந்தால் அடுத்து வருகிறவரும் வரிசையாக விடுவாரா? வீட்டிலிருந்து ஆறு ஜோடி பழைய செருப்பைக் கொண்டுபோய், அரைமணி நேரம் அடுக்கி வைத்தும், அடுத்த அரைமணி கலைத்துப் போட்டும் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு என்னை விட்டால் யார்? (மாடிப்படியை எண்ணாமல் எனக்கு ஏற வராது.)

"நாம மாத்தப்போறது செருப்போட வரிசை ஒண்ணுதான் மாமா. அதுக்குப் பேரு மாறி. மத்தது எல்லாம் அப்படியே இருக்கணும். நீங்க கவனிக்கறது யாருக்கும் தெரியக்கூடாது. எதையும் தொடாதீங்க."

"ஆடிட்ல முப்பது வருஷம் இருந்தவன்மா நான்."

"அதான் பயமா இருக்கு மாமா."

முதல் அரைமணி குறையில்லை. சுதா வந்து செருப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனதும்தான் வினை. ஈரத்தலையோடு வந்த ஓர் அம்மா, "பாத்துக்கோங்க ஐயா" என்று என் மடியில் இரண்டு ரூபாய் போட்டுவிட்டு உள்ளே போனார். மறுத்துப் பேசினால் ஆய்வு வெளியே தெரிந்துவிடும். ஆகவே வாங்கிக்கொண்டேன். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து இன்னொருவர்.

பனி இறங்கியது. உள்ளேயிருந்து வெண்பொங்கல் வாசனை வந்தது. கண் செருகியது. செருப்புகள் ஜோடி ஜோடியாக, கால்களே இல்லாமல், வேளச்சேரி சாலையில் பனிமேல் நடந்து போயின. சத்தமே இல்லை. ஒரு ஜோடி மட்டும் தாம்பரம் பக்கம் திரும்பியது. 'வரிசையாகத்தான் போகிறது' என்று கனவிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"இன்னா பெர்சு, என் செருப்பு எங்க?"

விழித்தேன். வெறுங்காலோடு ஒருவர்.

"நான் செருப்பு பாத்துக்கறவன் இல்லப்பா. ஆராய்ச்சி பண்றேன்."

"ரெண்டு ரூவா வாங்கிகினு ஆராய்ச்சியா? நேத்து வாங்குன புச்சு செருப்பு. மடில இன்னா சில்ற அது?"

நாற்பத்தாறு ரூபாய் இருந்தது. அந்த நேரம் பார்த்து சுதா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். கலைந்து கிடக்க வேண்டிய செருப்புகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன.

"தொட்டீங்களா மாமா?"

"கை படலைம்மா." (கோணலாக எது கிடந்தாலும் என் கால் தானாகவே அதை நேராக்கிவிடும்.)

அவள் கண் கலங்கிவிட்டது. "மாறி செருப்பு இல்ல மாமா. நீங்கதான்."

பூமி பிளந்தால் நாற்காலியோடு இறங்கியிருப்பேன். அவளோ என் மடியிலிருந்த சில்லறையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்தா செருப்பு விடற விதமே மாறுது இல்ல?"

கேள்வி மாறியது. அடுத்த நான்கு காலைகள் அவள் எதிர் டீக்கடையிலிருந்து எண்ணினாள். ஒருநாள் நான் உட்கார்ந்த நாற்காலி, மறுநாள் காலி நாற்காலி. கால் தரையில் படாமல் நாற்காலியிலேயே சம்மணமிட்டு உட்காரச் சொன்னாள். அந்த முறை கைடு திருப்பி அனுப்பவில்லை.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்து செருப்பைக் கழற்றினால், "அப்பா, டோக்கன் குடுத்தாச்சா?" என்பான் என் மகன்.

மடியில் விழுந்த நாற்பத்தாறை உண்டியலில் போடவைத்தாள் என் மனைவி. செலவில் கழித்துக்கொள்ளவும் விடவில்லை. வெறுங்காலோடு நின்றவருக்குத் தாம்பரம் கடையில் புதுச்செருப்பு எழுநூற்று நாற்பத்தொன்பது. அவரோடு போய்வந்த ஆட்டோ இருநூற்று இருபது. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ரூபாய்.