ஆஷா கேட்டு வாங்கிய செவ்வாய்ப் படம்

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்,
ஞாயிறு.

மாவ்பி ஊரில் இருக்கும் கருப்பண்ணன் ஐயா அவர்களுக்கு, ரெங்கசாமி பணிவுடன் எழுதுவது. இங்கு நான், காளியம்மா, மகள் ஆஷா மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் மகன் தம்பி பாலசந்தரும் நலமா? பெண் பார்த்துவிட்டுப் போன தாங்கள், "பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம், சரிப்படாது" என்று சொல்லியனுப்பி மூன்று மாதம் ஆகிறது. ஐயா, அந்தச் செவ்வாயே நேற்று என் வீட்டுக்கு வந்துவிட்டது!

பதறாதீர்கள், படமாகத்தான். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்றில் பெரிய கேமரா இருக்கிறதாம். இன்ன இடத்தை எடுங்கள் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாமாம். ஆஷா போன வருஷம் கேட்டாளாம், எடுத்து அனுப்பிவிட்டார்கள். என் மகள் கேட்டு ஒரு கிரகம் போஸ் கொடுத்திருக்கிறது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்சாரம் போவதற்குள் ஜாபர் கடைக்கு ஓடி, பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டி, தெருவையே கூப்பிட்டு மீன்குழம்பும் நூடுல்ஸுமாக மொஹிங்கா விருந்து போட்டேன். "மேடு மேடா இருக்கே மாமா, கொழுக்கட்டை அடுக்கின மாதிரி" என்றார் ஜாபர். நானும் ஒவ்வொரு மேட்டுக்கும் உயரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஷா வந்து, "அப்பா, தலைகீழா மாட்டிட்டீங்க! அதெல்லாம் குழிப்பா" என்றாள். திருப்பினோம். ஐயா, அத்தனை மேடும் குழியாகிவிட்டது! வெளிச்சம் விழும் பக்கம் மாறினால் கண் அப்படித்தான் ஏமாறுமாம். தோஷம் கழிய ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் செவ்வாய்க்கிழமைக்குரிய மூலையில் இருக்கும் சிங்கச் சிலைக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்றிவந்த காளியம்மா, "இந்தப் பொட்டல் மண்ணுக்கா இம்புட்டுத் தண்ணி ஊத்துனேன்?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

படத்தைத் திருப்பினாலே மேடு குழியாகும்போது, ஜாதகக் கட்டத்தை மட்டும் ஒரே பக்கமாகப் பார்க்கலாமா ஐயா? தாங்கள் வேண்டாமென்ற நாளிலிருந்து ஆஷா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அடக்கமான பெண். தம்பியை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை, காபித் தட்டை நீட்டியதோடு சரி. வானத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் வணக்கம், தம்பிக்கு ஆசீர்வாதம்.

தங்கள் நல்ல வார்த்தைக்கு வாசலைப் பார்த்தபடி,
ரெங்கசாமி

பி.கு.: தங்களுக்கும் ஒரு பிரதி எடுக்கலாமென்று இப்போதுதான் சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் அடியில் சட்டம் மறைத்திருந்த வரி: 'கேட்டவர்கள்: ஆஷா, யாங்கோன், பாலசந்தர், மாவ்பி.' கேட்ட தேதி, தாங்கள் பெண் பார்க்க வந்ததற்கு ஒன்பது மாதம் முன்பு. ஆஷாவைக் கேட்டேன், சிரிக்கிறாள். இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள் ஐயா. தோஷம் கிடக்கட்டும், தேதியைக் குறியுங்கள்.