ஸ்பிரிங் சார் பூட்டிக் கொடுத்த கீபோர்டு

உலகத்தில் கீபோர்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "இது வேண்டாமுங்க, இதுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்குது" என்று சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவரோடு நான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன் என்பதைத் தவிர, பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் அதிகமாக ஒன்றும் இல்லை.

கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ஸ்பிரிங் சார். சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து பிளாஸ்டிக் பொட்டலம் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொசுவின் குடல் போலப் பொடிப்பொடியாக ஸ்பிரிங்குகள். மெக்கானிக்கல் கீபோர்டு என்று ஒரு ஜாதி உண்டு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச், ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். கேம் ஆடுகிறவர்கள் உயிரை விட்டு வாங்குவது இதைத்தான். அவர் குனிந்து எதையாவது எடுத்தால் போதும், பை கவிழ்ந்து ஸ்பிரிங் மழை பெய்யும். நாங்கள் எல்லாரும் மண்டி போட்டுப் பொறுக்குவோம்.

சொந்த ஊர் அந்தியூர். அங்கே சந்தையில் குதிரை பார்ப்பது போலத்தான் கீபோர்டு பார்ப்பார். முதலில் சுற்றி வருவார். பிறகு முதுகைத் தடவுவார். நாலு தட்டு தட்டி நடை பார்ப்பார். பழுதுக்கு வந்த கீபோர்டுக்கும் மரியாதை உண்டு. "கொஞ்சம் திரும்பிக்குங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் கவிழ்ப்பார்.

ஒருமுறை நானும் அவரும் கம்பெனி வேலையாகச் சேலம் போக வேண்டும். காந்திபுரத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் தட்டத் தட்ட, இவர் முகம் வாடிக்கொண்டே போனது.

"ஏனுங்க அம்மணி, உங்க ஸ்பேஸ்பாருக்கு ஒரு பக்கம் இழுத்திருக்குது. நீங்க சரின்னா அஞ்சு நிமிசத்துல பாத்துப்போடறேன்."

அஞ்சு நிமிஷம் அரை மணி ஆனது. பஸ் போய்விட்டது. நான் முறைத்தேன்.

"பஸ்ஸு இன்னொண்ணு வருமுங்க. அந்தம்மணி பொழுதன்னைக்கும் அதைத்தானுங்க தட்டோணும்" என்றார்.

அந்தக் கம்பெனியில் என் வேலை, பம்போடு பெட்டியில் போட்டுத் தரும் தமிழ்க் கையேடுகளை எழுதுவது. எவரும் படிக்காத இலக்கியம். ஆனாலும் எழுத்தாளன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு ஒருநாள் கருமத்தம்பட்டி அருகே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் பல்லடத்துக் கோழி லாரி. அதிலிருந்து பறந்து வந்த ஒற்றை இறகு என் மூக்குக் கண்ணாடியில் வந்து ஒட்டியது. யானை மோதி விழுந்தவன் உண்டு, கார் மோதி விழுந்தவன் உண்டு. கோழி இறகு மோதி விழுந்தவன் நான் ஒருவன்தான். இடது முழங்கை தார் ரோட்டில் நச்சென்று இறங்கியது.

சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறியது. ஆனால் இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயின. அழுத்தினால் அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாது. நான் பயன்படுத்தும் தமிழ் விசை முறையில் உயிரெழுத்துகள் இடது பக்கம். அ, ஆ இரண்டும் சுண்டுவிரலுக்கு. இ, ஈ, ஓ மூன்றும் மோதிரவிரலுக்கு. அலுவலகத்து ரப்பர் கீபோர்டோ ஓங்கிக் குத்தினால்தான் இறங்கும். ஆக, என் தமிழிலிருந்து இந்த ஐந்து எழுத்துகளும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன.

"அன்பான வாடிக்கையாளரே, மோட்டாரில் நீர் நிரப்பவும்" என்று அடித்தேன். "ன்பன வடக்கையளரே, மட்டரல் நர் நரப்பவும்" என்று வந்தது.

மேலாளர் மேடம் பொள்ளாச்சிக்காரர். திட்டினாலும் மரியாதை குறையாது. தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இந்த வடக்கையளர் யாருங்க? நமக்கு வடக்க கிளை ஏதும் இல்லீங்களே?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இனிமேல் கையேடெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிவிடும், ஆள் எதற்கு என்று அப்போதுதான் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் போய் "எனக்கு ரெண்டு விரல் வேலை செய்யலீங்க" என்று நானே சொல்வதா? டாக்டரிடமும் போகவில்லை. போனால் அவர் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

கேமிங் கீபோர்டு பூப்போல இறங்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்பிரிங் சார் அறைக்குப் போனேன்.

"நல்ல கீபோர்டு ஒண்ணு வேணுமுங்க. கேம் ஆடப் போறேன்."

நாற்பத்தேழு வயது. வாழ்நாளில் நான் ஆடிய ஒரே கேம், பழைய செல்போனில் புள்ளிகளைத் தின்று திரியும் பாம்பு. அதிலும் பாம்பு தன் வாலையே கடித்துச் சாகும்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த கேமுங்க?"

"சுடற கேமுங்க."

"யாரைச் சுடுவீங்க?"

"எதிர்க்க வர்றவங்களை."

"செரிங்க" என்றார். "மொதல்ல ஒரு பக்கம் தமிழ் அடிங்க. வெரலு எப்படி ஓடுதுன்னு பாக்கோணும்."

சுடுவதற்கு எதற்குத் தமிழ் என்று கேட்கத் தோன்றாமல் அடித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு மூன்று வாரம் ஒரே கூத்து. எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு அலசல் நடக்கவில்லை. வாரம் இரண்டு கீபோர்டு கொண்டுவருவார், நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டிப் பார்க்க வேண்டும். முதலில் வந்ததன் சத்தம் கேட்டு மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க இது, கடலை வறுக்கறாப்புல?" இரண்டாவது, விரலை வைப்பதற்குள் எழுத்தைக் கக்கியது. மூன்றாவதில் வானவில் விளக்குகள் ஓடின. கேம் ஆடுகிறவன் என்றால் விளக்கு இல்லாமலா என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்பிரிங் சார் நொந்துபோனார். "கல்யாண மண்டபத்து வாசல்லயாங்க உக்காந்து அடிக்கப் போறீங்க? உங்க வெரலுக்குத்தானுங்க கீபோர்டு. கண்ணுக்கில்லீங்க."

கடைசியில் வலப்பக்கத்து எண் பொத்தான்கள் இல்லாத, கச்சிதமான கறுப்புக் கீபோர்டு ஒன்று முடிவானது. அதையும் அப்படியே தரவில்லை. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பிரித்து, மெல்லிய தூரிகையால் மை தீட்டுவது போல் கிரீஸ் தடவி, மறுபடி பூட்டினார். என் மேஜைக்கு வந்தபோது அது ஒரு விசித்திரப் பிராணியாக இருந்தது. கீபோர்டு முழுக்கப் பூனை நடை, சத்தமே இல்லை. இடது ஓரத்தில் ஆறே ஆறு பொத்தான்கள் மட்டும் மூடி சற்று உயரமாக, தொட்டாலே இறங்கும் லேசான ஸ்பிரிங்கோடு, "டிக்" என்று பல்லி போலக் கத்தின.

"அதென்னங்க இந்த ஆறு மட்டும்?"

"கேமுல ஆளு நடக்கற பொத்தானெல்லாம் அந்தப் பக்கந்தானுங்க" என்றார்.

எனக்கென்ன தெரியும், தலையாட்டினேன். அடித்துப் பார்த்தால், டிக் என்றால் எழுத்து விழுந்துவிட்டது. டிக் இல்லையென்றால் விழவில்லை. விரலுக்குத் தெரியாததைக் காது சொல்லியது. போன ஐந்து எழுத்துகளும் திரும்பி வந்துவிட்டன. மேடம் புதிய கையேட்டைப் படித்துவிட்டு, "வடக்கையளர் ஊருக்குப் போயிட்டாருங்களா?" என்றார். ஸ்பிரிங் சாரின் கிறுக்குத்தனம் தற்செயலாக எனக்கு வசதியாகப் போனது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

இங்கேதான் பொய் என் கழுத்தைப் பிடித்தது. எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கேம் போட்டி நடக்கும். டிசைன் பிரிவு ஒரு அணி, மற்றவர்கள் ஒரு அணி. என் மேஜையில் கேமிங் கீபோர்டைப் பார்த்த டிசைன் பிரிவு கௌசல்யா, "சார் பெரிய ஆளு போல" என்று என் பெயரை எதிரணியில் எழுதிவிட்டாள். ஸ்பிரிங் சார் பதறி ஓடி வந்தார்.

"வேண்டாமுங்க. அது இன்னும் பழகலைங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அந்தக் கயிற்றைப் பிடித்து நான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பத்துப் பேர் 'பெரிய ஆளு' என்று பார்க்கும்போது எழுத்தாளனுக்குப் புத்தி மட்டுப்படும். "பரவாயில்லீங்க, ஆடிப்போடலாம்" என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. என் சிப்பாய் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு ஒரு சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். அவனைத் திருப்ப ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். கையிலிருந்த வெடிகுண்டு நழுவி, பக்கத்தில் நின்ற எங்கள் அணிக்காரர்கள் இருவரும் காலி. நான் மட்டும் அரை உயிரோடு சுவரைப் பார்த்து நின்றேன். கௌசல்யாவின் சிப்பாய் பின்னால் வந்து நின்றான். நிஜக் கௌசல்யா எதிர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், சுட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"சுடுங்க அம்மணி" என்றேன்.

அறையே சிரித்தது. எங்கள் அணிக்காரர் ஒருவர், "என்ன சார் ஆச்சு?" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"கீபோர்டு சரியில்லீங்க. ஸ்பிரிங்கைத் தப்பாப் போட்டிருக்கார்."

எல்லாரும் ஸ்பிரிங் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"ஆமாங்க" என்றார். "அந்தப் பக்கம் எளசாப் போட்டுப்போட்டேன். என்ற தப்புங்க. சாரு மேல ஒண்ணுமில்லீங்க."

திங்கட்கிழமை நான் கம்பெனிக்குள் நுழைந்தபோது, அவரிடம் கீபோர்டு பூட்டச் சொல்லியிருந்த இரண்டு பேர் தங்களுடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நேரே அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கொட்டினேன். கோழி இறகிலிருந்து தொடங்கினேன். விரலைச் சொன்னேன், பயத்தைச் சொன்னேன், கேமே தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"கேமுல நடக்கற பொத்தான் நாலுங்க. W, A, S, D. நான் உங்களுக்கு மாத்துனது ஆறு. அதுல D இல்லவே இல்லீங்க. அது உங்க நடுவெரலு, அது நல்லாத்தான இருக்குது. கேமு ஆடறவரா இருந்தா மொத நாளே 'D எங்கடா'ன்னு சண்டைக்கு வந்திருப்பீங்க."

அந்த ஆறும் என் இரண்டு விரல்களுக்கான பொத்தான்கள்: காணாமல் போன ஐந்து எழுத்துகளும், நான் அடிக்கவே அடிக்காத ஔவும். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது அதற்குத்தான்.

"அப்ப ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்க கேமுன்னு சொன்னீங்க. நாம்போயி இல்லைன்னு சொல்லலாமுங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை உடுங்க. டாக்டரைப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மத்தியானமே தன் பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனார். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பயிற்சி செய்தால் சரியாகிவிடும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்றார். "இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். கேம் ஆடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே ஹாலில் எல்லாரையும் நிறுத்தி, கீபோர்டில் ஒரு குறையும் இல்லை, குறை என் விரலிலும் அதைவிட அதிகமாக என் வாயிலும்தான் என்று சொன்னேன். மேடம் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்றதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டுத்தானாங்க அத்தனை நாளு வடக்கையளருக்கு எழுதுனீங்க?" என்றார். வேலை போகவில்லை. எடுத்துப்போன இருவரும் கீபோர்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கௌசல்யாவும் ஒன்று பூட்டித் தரச் சொன்னாள்.

அதன்பின் ஆறேழு மாதம், மாதம் ஒருமுறை ஸ்பிரிங் சார் என் மேஜைக்கு வந்து, அந்த ஆறு பொத்தான்களுக்கும் முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் மாற்றுவார். "இன்னிக்கி மேடு கொஞ்சம் கூடுதலுங்க. ஏறிப் பாருங்க" என்பார். விரல்கள் ஏறின. ஒருநாள் சுண்டுவிரலில் சுருக்கென்று வலித்தது. வலிக்கிறது என்று சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

இப்போது அவர் பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனிக்குப் போய்விட்டார். என் விரல்கள் சொன்னபடி கேட்கின்றன, கீபோர்டும் குறையில்லாமல் ஓடுகிறது. இருந்தாலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போன் போட்டு, "ஏதோ ஒண்ணு சரியில்லீங்க, வந்து பாக்கோணும்" என்பேன். "வாரேனுங்க" என்று பஸ் ஏறி வந்துவிடுவார். நேரே சாப்பிட உட்காருவோம், பேசுவோம், பொழுது சாய்ந்துவிடும். கீபோர்டு இருக்கும் அறைப் பக்கம் இருவருமே போவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "அதை அடுத்த மாசம் வந்து பாத்துப்போடறேனுங்க" என்பார்.

"அவசரமில்லீங்க" என்பேன் நான்.