நான் 'ம்' கொட்டிய பாடவேளை

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: நான், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர், தலைமையாசிரியர், பார்வையிட வந்த அதிகாரி அம்மா, கதை சொல்ல வந்த சித்ரா அக்கா. இல்லாதவர் ஒருவர்தான், சித்ரா அக்காவின் கணவர் வேலு. "நானும் வரணுமா சார்?" என்று முந்தின நாள் கேட்டார். "கதை சொல்ல ஒரு ஆள் போதுங்க" என்று தடுத்தது நான்தான். (படித்தவன் அல்லவா.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் வகுப்பறையில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவேன். ஆசிரியர் பயிற்சி ஒன்றில், பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுக் கதைகளைக் கொண்டே பாடம் நடத்தலாம் என்றார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கு இருளர் குடியிருப்பிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் சித்ரா அக்காவின் மகன் அஜய் வகுப்பில் வாயே திறந்ததில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவான். கதை அவனைப் பேசவைக்கும் என்று நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். என் வேலை தற்காலிகம், அந்த மாதத்தோடு முடிகிறது. அதிகாரி அம்மாவின் அறிக்கை நன்றாக வந்தால்தான் நீட்டிப்பு.

ஆகவே முன்னேற்பாடுகள் பலமாக இருந்தன. இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சி: கதை முடியும்வரை வாயில் விரல், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

சித்ரா அக்கா ஆரம்பித்தார். "ஒரு ஊர்ல ஒரு மருமவன். தேன் எடுக்க மலைக்குப் போனான்."

நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகளும் வாயில் விரலோடு அவரைப் பார்த்தார்கள்.

"தேன் எடுக்க மலைக்குப் போனான்" என்றார் மறுபடி.

மூன்றாம் முறையும் அதே வரி வந்தபோது அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். தலைமையாசிரியர் என் பக்கம் குனிந்து, "அவங்களுக்குக் கதை மறந்துபோச்சா, தம்பி?" என்றார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "சார், 'ம்' சொல்லு சார். சொல்லலன்னா கதை நகராது. வீட்ல எங்க அப்பாதான் சொல்லுவாரு."

அஜய் பேசிவிட்டான். அதைக் கொண்டாட எனக்கு நேரமில்லை. முன்னால் போய் உட்கார்ந்து "ம்" என்றேன்.

"இன்னா சார், பேங்க்ல டோக்கனுக்கு சொல்ற மாதிரி சொல்றீங்க? கேக்கற 'ம்' வேணும்" என்றார் சித்ரா அக்கா.

கேட்கிற 'ம்' சொன்னேன். மருமகன் காட்டுக்குள் போனான், ம். ஆள் அரவமே இல்லை, ம். பெரிய குழிக்குள் விழுந்துவிட்டான், ம்.

கதை நின்றது. "ஆளு குழில உழுந்துட்டான், அவ்ளோதானா சார்? நீங்க பதறவே இல்லியே."

வகுப்பு விரலை எடுத்துவிட்டுச் சிரித்தது. நான் பதறினேன். பிறகு வியந்தேன், பயந்தேன், சந்தேகப்பட்டேன், எல்லாம் அந்த ஒரே எழுத்தில். நான்கு பக்கத் திட்டத்தில் இது எங்குமில்லை.

பாடவேளை முடியப்போகிறது. கதையின் நீதியைக் கரும்பலகையில் எழுதும்படி தலைமையாசிரியர் சைகை செய்தார். (நீதியை நான் முந்தின வாரமே முடிவு செய்துவிட்டிருந்தேன்: அவசரம் கூடாது.) அவசரமாக எழுந்தேன்.

"உக்காருங்க சார்" என்றார் சித்ரா அக்கா. "'ம்' சொல்றவங்க நடுவுல எந்திரிச்சா அவன் குழிலயே கெடப்பான்."

உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழவில்லை. தலைமையாசிரியர் அதட்டியதற்கு, "அவன் குழில இருக்கான் சார்" என்று முன்வரிசைச் சிறுமி விளக்கம் சொன்னாள். வேங்கிக்காலில் கூட்டம் இருப்பதாகச் சொல்லி அதிகாரி அம்மா கிளம்பிவிட்டார்.

அவர் போன பத்தாவது நிமிடம் மனைவியை அழைத்துப்போக வேலு வண்டியில் வந்தார். வாசலில் நின்றபடியே நிலைமையைப் புரிந்துகொண்டு, "நீங்க எந்திரிங்க சார்" என்று என் இடத்தில் உட்கார்ந்தார். அவருடைய 'ம்' ஒவ்வொன்றும் குழிக்குள் நீட்டிய கைலாகு மாதிரி இருந்தது. ஐந்தே நிமிடத்தில் மருமகன் தேனோடு மேலே வந்துவிட்டான். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அறிக்கையில் ஒரு வரி இருந்தது: பாடவேளை முழுவதிலும் ஆசிரியர் பேசியது 'ம்' மட்டுமே, அறுபது முறை. (எண்ணியிருக்கிறார்.) விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். நீட்டிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. பன்னிரண்டாயிரம் சம்பளம் போயிற்று.

என் அம்மா கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கணக்கு மனதிலேயே ஓடும். அறுபதையும் பன்னிரண்டாயிரத்தையும் கேட்டுக்கொண்டே கற்பூரப் பொட்டலம் ஒன்றை மடித்து முடித்தார். பிறகு, "ஒரு 'ம்'முக்கு எரநூறுடா" என்றார்.

போன வாரம் அப்பா, "பொண்ணு பாக்க போலாமாடா?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "எரநூறு."