மேல்மாடிக்காரன் மைக்கு

எம் பொண்டாட்டி தங்கச்செல்விக்கு அரசியல் கத்துக்குடுத்தே தீரணும்னு ஒருநாள் முடிவெடுத்தேன். நாட்டுல எத்தனையோ பேரு கெட்ட முடிவு எடுத்திருக்காக. அந்தப் பட்டியல்ல எம் பேரையும் எழுதிக்கங்க.

மொதல்ல எங்க பாளையம்பட்டித் தெரு நிலவரம். பைப்புல தண்ணி ஒம்பது நாளைக்கு ஒருக்கா. தண்ணி வந்தா பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி புருசன் கருத்தப்பாண்டி முப்பது கொடம் தூக்குவான். பொம்பளைக ரெண்டு பேரும் பைப்படியில பேசுவாக. பேசி முடிச்சு வந்து எம் பொண்டாட்டி என்னைய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வைக்கு நானும் முப்பது கொடம் தூக்கணும்.

திருச்சுழியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பேப்பரை மிஷின் நகலெடுக்கும், மனுசனை நான் எடுப்பேன். எந்தக் குரலும் ரெண்டு தடவை கேட்டாப் போதும். ராஜேஸ்வரி மாதிரி மூக்கால இழுத்து, "புளியக் கரைச்சு அடுப்புல வச்சா கொழம்பாயிருமா?"ன்னு அவ சொன்னதா எங்க வீட்டுல பேசிக் காட்டுனேன். தங்கச்செல்வி குரல்ல, "பைப்பு என்ன அவ கொண்டுவந்த சீதனமா?"ன்னு ராஜேஸ்வரி வீட்டுல போயிப் பேசிக் காட்டுனேன். அம்புட்டுத்தான். பேச்சு வார்த்தை நின்னு போச்சு. அவ நிக்கிற எடத்துல எம் புருசன் நிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டு தங்கச்செல்வியே தண்ணி தூக்குனா. பதினாலு மாசம். கட்டில்ல படுத்துக்கிட்டுக் கொடம் நெறையிற சத்தத்தை ரசிச்சேன்.

இப்பப் படத்துக்கு வாரேன். அருப்புக்கோட்டை தியேட்டரு. மழையே இல்லாத ஒரு காலம். ஊருல மிச்சம் ஒத்தைக் கட்டடம். மேல்மாடியில ஒருத்தன், அவங்கிட்ட தண்ணித் தொட்டி, ஒரு மைக்கு. கீழ நாலு மாடிச் சனமும் ஒருத்தரையொருத்தர் வெட்டிக்கிட்டுச் சாகுது. ஏன்னா ஒரு மாடிக்காரன் குரல்ல இன்னொரு மாடிக்காரனை மேல இருக்கிறவன் மைக்குல திட்டுவான். அபாரமான படம். சாதி, ஓட்டு, ரேசன், பதவி, ஒண்ணையும் விடல. எடுத்தவன் இருக்கிற திசையைப் பாத்து ஒரு கும்பிடு போடலாம்.

இடைவேளையில முறுக்கு வாங்கிக் குடுத்து விளக்குனேன். கீழ இருக்கிற ரெண்டு பேரு சேரவே கூடாது, சேந்துட்டா மேல இருக்கிறவன் கதை முடிஞ்சுச்சுன்னேன்.

"அவுக நேருல கேட்டுக்கிட்டா?"

"கேக்க மாட்டாக. அதான் அரசியலு."

அதோட நிறுத்தியிருக்கணும். தொழில் ரோசம் விடல. மேல்மாடிக்காரனுக்குப் பொம்பளைக் குரலு சுத்தமா வரல, மூக்கால கொஞ்சம் இழுக்கணும்னு இழுத்தே காட்டிட்டேன். முன்வரிசைக்காரன் திரும்பிக் கை தட்டுனான். தங்கச்செல்வி முறுக்கு மெல்லுறதை நிறுத்திட்டா.

ரெண்டாம் பாதியில கதாநாயகி அரிவாளைப் போட்டுட்டு எதிரி மாடிக்கு எறங்கிப் போயி, "நீயா சொன்ன?"ன்னு கேப்பா. நான் அழுதுட்டேன். எம் பொண்டாட்டி அழுகல. மனசுல குறிச்சுக்கிட்டா.

அடுத்த தண்ணி நாளு. பைப்படியில சிரிப்புச் சத்தம். எட்டிப் பாத்தா ராஜேஸ்வரியும் தங்கச்செல்வியும் ஒரே கொடத்துக்கு ரெண்டு பக்கமும் கை குடுத்து நிக்கிறாக.

"ஏங்க, இங்கிட்டு வாங்க"ன்னா தங்கச்செல்வி. "ராஜேஸ்வரி குரலை ஒருக்காப் பேசிக் காட்டுங்க. அவ கேக்கணுமாம்."

"தொண்டை சரியில்ல."

"எங் குரலு?"

"அதுவும் அதே தொண்டையிலதான வரணும்."

"தோளு நல்லாத்தான இருக்குண்ணே?"ன்னு ராஜேஸ்வரி மூக்கால இழுத்தா. நான் செஞ்சதை விட நல்லாவே இருந்துச்சு.

சண்டை இல்ல. ஒரு சொல்லு திட்டல. பதினாலு மாச ஆட்சியை ஒரு கேள்வியில கவுத்துப்புட்டா. இவளுக்குப் போயி நான் அரசியல் சொல்லிக் குடுத்தேனே. பெருமையில நெஞ்சு அடைச்சுச்சு. ரெண்டு வீட்டுக்கும் சேத்து அறுபது கொடம் தூக்குனதுல மூச்சும் அடைச்சுச்சு. கருத்தப்பாண்டி வாசல்ல உக்காந்து டீ குடிச்சான்.

சாயங்காலம் அவனைத் தனியாக் கூப்பிட்டேன். "மாப்ளே, இன்னைக்கு எனக்கு, நாளைக்கு ஒனக்கு. ஆம்பளைக சேரணும். நாம ஒரு சங்கம் ஆரம்பிப்போம்"னேன். மச்சான்னு எங் கையப் பிடிச்சுச் சத்தியம் பண்ணுனான். கண்ணு கூட கலங்குச்சு.

வீட்டுக்கு வந்து இன்னும் செருப்பைக் கழட்டல.

"சங்கம் ஆரம்பிச்சிருக்கீகளாமே"ன்னா தங்கச்செல்வி. "மொத்தம் எத்தனை பேரு?"

"ஒருத்தன்தான்"னேன்.