மாப்பிள்ளையின் கேஸ் கட்டு

அனிதா, கார்த்தி, இரண்டு பேரும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், போனில் எதைக் கேட்டாலும் தேடி எடுத்துவிடுவான் என்று நம் தெருவில் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரைப் பரப்பியவனே நான்தான், அதனால் அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும். அந்தப் பேரால் உங்கள் செல்வி அத்தையின் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

அப்போது அனிதா இரண்டாம் வகுப்பு, கார்த்தி தொட்டிலில். தாத்தா இறந்துவிட்டதால் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது என் தலையில் விழுந்தது. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றவள், தளவாய்புரத்து முருகேசன் வந்து போன அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள். (செல்வி ஒன்றும் சொல்லவில்லை என்றால் முழுச் சம்மதம் என்று அர்த்தம்.) மில்லில் எலக்ட்ரீசியன், அமைதியான ஆள். ஒரே ஒரு குறை. காப்பி குடித்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்து, "உங்கள எங்கயோ பாத்திருக்கேன் அண்ணாச்சி" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. இப்படிப் பார்க்கிறவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

மறுநாள் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் கோர்ட் இணையதளத்தைத் திறந்தேன். பேர் போட வேண்டும், வருஷம் போட வேண்டும், வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். எந்த வருஷம் என்று தெரியாததால் ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போனேன். நாலாவது வருஷத்தில் மாட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட், காவல்துறை ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் 'முருகேசன் மற்றும் பலர்'. அப்பா பேர், ஊர் எல்லாம் அச்சாகப் பொருந்தியது.

சட்டப்பிரிவுகளைப் போனிலேயே தமிழில் மாற்றினேன். 'சட்டவிரோதமாகக் கூட்டம் சேர்த்தல்' என்றது. அடுத்து, 'தவறான முறையில் தடுத்து வைத்தல்'. மற்றும் பலர் என்றால் ஒரு கும்பல். முதல் பேர் என்றால் அதற்குத் தலைவன். தடுத்து வைத்தல் என்றால் ஆள் கடத்தல். அந்தப் 'பலர்' யார் என்று ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்திருக்கலாம். சாப்பாட்டு நேரம் முடியப் போகிறதே என்று, முருகேசனின் அம்மாவுக்குத்தான் போன் அடித்தேன்.

"கேஸு உள்ள குடும்பத்துல நாங்க பொண்ணு குடுக்கதா இல்ல."

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். (அதற்குப் பேர் கம்பீரம் என்று நினைத்தேன்.)

வீட்டில் செல்வி அழவில்லை. "கேஸு என்னன்னு பாத்தியாண்ணே?"

"போன்ல போட்டிருக்கு."

"போன்ல நீ பாத்தது ஒரு வரி. போயி பேப்பர வாங்கிட்டு வா. ஆளக் கடத்துனது நெசம்னா நானே வேண்டாம்ங்கேன். இல்லைன்னா, உன்ன என்ன செய்யன்னு பொறவு சொல்லுதேன்."

ஒரு நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கோர்ட் வளாகத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா கிடைத்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கிற வயது.

"நகல் மனு போடணும். கேஸ்ல நீங்க கட்சிக்காரரா, மூணாம் ஆளா?"

"மூணாம் ஆளுதான். எனக்கும் இந்தக் கேஸுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல."

"மூணாம் ஆளுன்னா காரணம் சொல்லணுமே."

"தங்கச்சி வாழ்க்கைன்னு எழுதுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் செல்வி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

நகல் வந்த அன்று குமாஸ்தா பக்கங்களைப் புரட்டினார். நான் கடத்தப்பட்ட ஆளின் பேருக்காகக் காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் நின்றவர், "உங்க அப்பா பேரு என்ன?" என்றார்.

"சங்கரலிங்கம்."

"முன்ன மில்லுல வேல பாத்தியளோ?"

"ஆமா, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல. ஏன் கேக்கிய?"

"மூணாம் ஆளுன்னு சொன்னியளேய்யா. இதுல நீங்க முப்பத்தெட்டாம் ஆளுல்ல."

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரின் பட்டியல். கையெழுத்து என்னுடையது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே குண்டு எழுத்து.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. மில் வாசலில் பஸ் நிற்கவில்லை என்று அந்த ரோட்டு மில்களில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மறியல் செய்தோம். நாங்கள் தடுத்து வைத்தது ஒரு டவுன் பஸ்ஸை. போலீஸார் கைது செய்து கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டு வீட்டுக்கு வந்ததால் அது கைது என்றே என் மண்டையில் ஏறவில்லை. வழக்கும் பிற்பாடு கைவிடப்பட்டிருக்கிறது. அதுவும் அந்த இணையதளத்தில், நான் கீழே நகர்த்தாத இடத்தில் இருந்திருக்கிறது.

மண்டபத்தில் ஏட்டு, "கையெழுத்து நல்லா இருக்கவன் ஒருத்தன் வந்து பேரு எழுதுங்கய்யா" என்றபோது முதலில் கை தூக்கியவன் நான். பேனா இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பையன் கொடுத்தான். முதல் பேராக வர யாருக்கும் மனசில்லை. ஆளாளுக்கு, "அவன் பேர எழுது, நான் பொறவு வாரேன்" என்றார்கள்.

அந்தப் பையன்தான், "எம் பேரையே மொதல்ல எழுதுங்க அண்ணாச்சி, சோறு ஆறிப்போவும்" என்றான்.

எழுதினேன். என் பேரைப் பத்திரமாகக் கடைசியில் வைத்தேன். ஆக, முருகேசனை முதல் எதிரியாக்கியது காவல்துறை அல்ல. உங்கள் அப்பா.

நகலை வாசித்துவிட்டு செல்வி இரண்டு வாரத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தாள். "முப்பத்தெட்டாவது ஆளு, மொதல் ஆளப் பத்தித் துப்பு துலக்கப் போயிருக்கு. கெளம்பு, போயி மன்னிப்புக் கேளு. அவிய வேண்டாம்னு சொல்லிட்டா, அதையும் நீயே வந்து எங்கிட்டச் சொல்லு."

தனியாகத் தளவாய்புரம் போனேன். முருகேசனின் அம்மா வாசலிலேயே நிறுத்தினார். நான் பேப்பரை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு நிதானமாக, "கேஸு உள்ள குடும்பத்துல குடுக்க மாட்டோம்னியளே. இப்ப அதே மாதிரிக் குடும்பத்துல நாங்க எடுக்கலாமா?" என்றார்.

"எடுக்கக் கூடாதுதாம்மா. ஆனா தப்பு எம்மேல. தங்கச்சி மேல ஒண்ணுமில்ல" என்றேன்.

உள்ளே இருந்து முருகேசன் வந்தார். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

"எங்கயோ பாத்திருக்கேன்னு அன்னைக்கே சொன்னேன்லா. எம் பேனா எங்க அண்ணாச்சி?"

அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். "உள்ள வாங்க. அந்தப் புள்ளைக்காவத்தான் கூப்பிடுதேன்."

இப்போது மாமா நம் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அத்தையிடம் கொடுத்து, "பத்திரம், ஓங்கண்ணன் வாராரு" என்கிறாரே, நீங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்களே, அதன் கதை இதுதான். நீங்கள் யாரைப் பற்றியாவது ஒரு வரி படித்தால், அடுத்த வரியையும் படியுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், போனை மட்டும் யாருக்கும் அடிக்காதீர்கள்.

அன்று தளவாய்புரத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் யாருமில்லை. என் போனில் முருகேசன் நம்பரைக் 'கேஸ் தளவாய்புரம்' என்று பதிந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிறகு 'மாப்பிள்ளை' என்று அடித்துச் சேமித்தேன்.