மூன்று நாள் சராசரி

"இனிமே நம்பர்தான் பேசணும். நாம வாயை மூடிக்கணும்" என்று புள்ளியியல் அதிகாரி சொன்னதும், தெருச் சங்கக் கூட்டத்தில் முதல்முறையாக எல்லோரும் வாயை மூடினார்கள்.

ஆறு மாதமாக வேகத்தடைச் சண்டை. வேண்டும் என்ற கட்சிக்கு அவர் மனைவிதான் தலைவி. போன மாதம் பின்னாலிருந்து சீறி வந்த ஏதோ ஒரு வண்டிக்குப் பயந்து ஓரமாகக் குதித்ததில் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கு. வண்டியைப் பார்க்கவில்லை, தூசியைத்தான் பார்த்தாள். வேண்டாம் என்ற கட்சிக்குப் பல் டாக்டர்.

"இந்தத் தெருவுல யாருமே வேகமா போறதில்ல. எதுக்கு என் முதுகை உடைக்கிறீங்க?" என்பது அவர் வாதம்.

யார் சொல்வது சரி என்று எண்ணிப் பார்த்துவிடுவதாக அதிகாரி வாக்குக் கொடுத்தார். மூன்று நாள் லீவு போட்டார். சாலையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு இழுத்து, நோட்டும் ஸ்டாப்வாட்சுமாக ஓரத்தில் நின்றார். வண்டிகளெல்லாம் நத்தையாக ஊர்ந்தன. ஒருவர் கேட்காமலே லைசென்ஸை நீட்டினார். முதல் நாள் சராசரி வேகம் பத்தொன்பது கிலோமீட்டர்.

"என்னைக் குதிக்க வெச்சவன் பத்தொன்பதுலயா வந்தான்?" என்றாள் மனைவி.

"என்னைப் பாத்து மெதுவா போறாங்க. நாளைக்கு ஒளிஞ்சு நிக்கிறேன் பாரு."

மறுநாள் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு மரத்துக்குப் பின்னால் நின்றார். மரம் ஒல்லி, அவர் அப்படியில்லை. அன்றைய சராசரி பதினாறு என்று குறித்துக்கொண்டிருந்தபோதே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். விவரம் கேட்ட இன்ஸ்பெக்டர் உருகிப்போனார்.

"தனியா கஷ்டப்படாதீங்க சார்" என்று மறுநாள் முழுக்க ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு நிறுத்தினார். அன்று சராசரி பதினொன்று.

"மூணு நாள் கணக்கையும் கிழிச்சுப் போடுங்க" என்றாள் மனைவி.

"பிடிக்காத நம்பரைக் கிழிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"அப்ப என் கால்?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்தார்.

"பதினஞ்சு கிலோமீட்டர்! சைக்கிளே இதைவிட வேகமா போகும்" என்று டாக்டர் எழுந்து கைதட்டினார்.

வேகத்தடை வேண்டாம் என்று முடிவாயிற்று. மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். கட்டிய மனைவியின் காலுக்கு உதவாத சராசரி என்ன சராசரி என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

தெருமுனையில் பஞ்சர் கடைக்காரர் விசாரித்தார். "என்ன சார், தோத்துட்டீங்களாமே?"

"நான் நின்னதாலதான்பா தோத்தோம். என்னைப் பாத்ததும் அத்தனை பேரும் வேகத்தைக் குறைச்சுட்டாங்க."

மனைவியும் நின்று கேட்டாள். கடைக்காரர் டியூபிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவங்கல்லாம் என்னைக்குமே அந்த வேகம்தான் சார். இந்தத் தெருவுல பறக்கிற வண்டி ஒண்ணே ஒண்ணுதான், நீங்க லேட்டா கிளம்பி ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போற ஸ்கூட்டர். அதுவும் மூணு நாளா வெளியவே வரலியே!"